நான் போட்ட நாற்பத்திரண்டு புள்ளடிகள்

லா சப்பல், பாரிஸ்
மார்ச் 9, திங்கள்

அன்பு மகள் சுபாங்கிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்பால் சுகம். நீ சுகமா என்று கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. பதினொரு நாளாக நீ என்னோடு கதைக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் காலையில் 'சா வா', சுகம்தான், என்று பிரெஞ்சில் இரண்டு சொல் அனுப்புகிறாய், அவள் தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வேலை இடத்தில் உனக்கு இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்ததையும் அவள்தான் சொன்னாள். மூன்றாவதும் வந்தால் என்ன ஆகும், தூலூஸில் தனியாக என்ன செய்வாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒன்று மாறி ஒன்று யோசித்து, நேற்றுக் கடையில் ஒரு மனிசிக்குச் சீனிக்குப் பதிலாக உப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். போனில் நான் வாய் திறந்தால் நியாயம்தான் பேசுவேன், அது உனக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். நீ தமிழ் மெல்ல மெல்லத்தான் வாசிப்பாய். அவசரமில்லை, மெல்லவே வாசி.

அந்தப் படிவத்தில் நான் செய்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீ ஏழு மாதம் காத்திருந்து பார்த்த மனநல வைத்தியர், உனக்கு இருப்பது அந்த தே-தே-ஆ-ஆஷ், அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத பிரச்சினைதானா என்று முடிவு சொல்வதற்காக, சின்ன வயதில் நீ எப்படி இருந்தாய் என்று எங்களிடம் கேட்டு நாலு பக்கம் அனுப்பினார். பொருட்களைத் தொலைப்பாளா, சொன்னதை மறப்பாளா, தொடங்கியதைப் பாதியில் விடுவாளா என்று நாற்பத்திரண்டு கேள்விகள். நாற்பத்திரண்டுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, வடிவாகக் கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிள்ளையின் பைலில் ஒரு கறை இல்லை என்று அம்மாவிடம் பெருமையும் பேசினேன். கடையின் பின்பக்கத்து மேசையில் இருபத்திரண்டு வருடமாக நான் எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஓல்னேயில் இருந்தும் கூசேன்வில்லில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள், விசா அலுவலகத்துக் கடிதம் என்றாலும் பிள்ளைகளின் உதவித்தொகை என்றாலும் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான், அவங்கள் கொக்கி போட இடம் குடுக்காதையுங்கோ என்று. ஒரு ஓமுக்குப் பின்னால் பத்துக் கேள்வி வரும், இல்லை என்று போட்டால் பைலை மூடிவிடுவார்கள். இப்படித்தான் நாங்கள் இந்த நாட்டில் நிற்க இடம் எடுத்தோம். வைத்தியரின் தாளையும் நான் அதே கண்ணால்தான் பார்த்தேன். ஓம் போட்டால் உன் பெயரில் ஏதோ பதிந்துவிடும், நாளைக்கு வேலைக்கும் கல்யாணத்துக்கும் குறுக்கே வரும் என்று பயந்தேன். கல்யாணம் என்றதும் முகத்தைச் சுளிப்பாய், சுளி, நான் பயந்ததைத்தான் எழுதுகிறேன். அந்தத் தாளை வைத்துச் சின்ன வயதில் ஒரு அறிகுறியும் இருந்ததில்லை, மருந்து தொடங்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று நீ அழுதழுது பிரெஞ்சில் சொன்னாய். கடைசியில் மட்டும் தமிழில், நான் சோம்பேறி இல்லை எண்டு ஒருக்காவது உங்களுக்கு எழுத ஏலாமப் போச்சே அப்பா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய்.

கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிற மெலிசாவைத் தெரியும்தானே. அவளுடைய அண்ணனுக்கும் இதே பிரச்சினை, முப்பது வயதில்தான் கண்டுபிடித்தார்களாம், இரண்டு வருடமாக மருந்துக் குளிசை போடுகிறான். நான் படிவம் நிரப்பிய கதையைக் கேட்டு அவள் தலையில் கை வைத்தாள். அங்கிள், இது விசா இல்லை, இஞ்சை ஓம் எண்டு போட்டால்தான் உதவி கிடைக்கும் என்றாள். இப்படிப்பட்டவர்களும் வீட்டு ஆட்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடிக் கதைக்கிற ஒரு கூட்டத்துக்கு அண்ணனோடு என்னையும் கூட்டிப்போனாள். நான் மட்டும்தான் தமிழ்த் தகப்பன், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன், பாதிதான் விளங்கியது. வரும் வழியில் அவள் அண்ணனிடம், மருந்து ஆளை மாற்றிவிடுமா, பழகிப்போனால் விட முடியாமல் போகுமா என்று கேட்டேன். முந்தி வேலைக்கு வெளிக்கிட நாலுதரம் திரும்பி வீட்டுக்குள்ளை போவன் அங்கிள், இப்ப ஒருதரம்தான் என்றான். வைத்தியர் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துத்தான் தொடங்குவாராம், மருந்து மட்டும் போதாதாம், கிழமை வேலைகளை ஒழுங்குபடுத்தப் பழக்குகிற ஒருவரிடமும் போகிறானாம். மத்தியானம் பசி எடுக்காது என்றும் சொன்னான், அதனால் நீ மருந்து தொடங்கினால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், கோப்பியோடு ஓடக்கூடாது. தூலூஸிலும் அப்படியொரு கூட்டம் இருக்குமா என்று கேட்டுப் பார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, ஆனால் என்ன மருந்து என்றே தெரியாமல் பயந்த பயம் இல்லை.

பிறகு அலுமாரியில் இருந்து உன் பள்ளிக்கூட அறிக்கைகளை எடுத்து மெலிசாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூன்று வருடம், மூன்று ஆசிரியைகள், எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள், கெட்டிக்காரி ஆனால் வகுப்பில் மனம் இல்லை, பொருட்களை மறக்கிறாள், பெற்றோருடன் பேச விரும்புகிறோம் என்று. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், படிவத்துப் பிரெஞ்சுதான் எனக்கு ஓடும், ஆசிரியைகள் கையால் எழுதியது ஓடாது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று உன்னிடம்தான் கேட்டேன், நீயும், நல்லா எழுதியிருக்கினம் என்று சொல்வாய். எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டது என் பிழை. இப்போது வைத்தியரிடம் புதுப்படிவம் எடுத்து உண்மையை நிரப்பியிருக்கிறேன், மெலிசா பிரெஞ்சைத் திருத்தித் தந்தாள். நாற்பத்திரண்டில் முப்பத்தைந்து 'அடிக்கடி' வந்தது. உதாரணம் எழுதக் கேட்ட இடத்தில் கார் து நோர் ரயில் நிலையத்தில் நடந்ததை எழுதினேன். உனக்கு ஒன்பது வயது. என் இரண்டு கையிலும் அரிசிப் பை, விசாத் தாள்கள் இருந்த பைலை உன்னிடம் தந்தேன், நீ அதை ரயிலில் சீற்றில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாய். மேடையில் அத்தனை சனத்துக்கு முன்னால் நான் உன்னை அறைந்தேன். நீ அழவில்லை, எங்கை வைச்சனான் எண்டு தெரியேல்லை அப்பா என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் அதைப் பொய் என்றேன். மூன்றாம் நாள் பைல் கிடைத்தது, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் எழுதினேன், அறைந்ததையும் எழுதினேன். பிள்ளையை அடித்தேன் என்று இந்த நாட்டில் ஒருவன் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைப்பது என்றால் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும். மெலிசா, இது வேணுமா அங்கிள் என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

என்னை மன்னித்துவிடு பிள்ளை. இதைத் தமிழிலேயே சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. பிள்ளையார் உனக்குத் துணையாக நிற்கட்டும், நீ மனம் ஆறி, உடம்பு தேறி, நினைத்ததைச் செய்துகொண்டு வாழ வேண்டும். அம்மா உன் நெற்றியில் கொஞ்சுவதாக எழுதச் சொல்கிறாள். பத்தொன்பதாம் தேதி வியாழன், காலை பத்தரைக்கு வைத்தியர், மறந்துவிடாதே. மறப்பது உன் குற்றமில்லை, அதனால் அம்மா ஒன்பது மணிக்கு அழைப்பாள். படிவத்தையும் அறிக்கைகளையும் இந்த முறை வைத்தியருக்கு நேரே அனுப்பவில்லை, ஒட்டாத உறையில் உனக்கே அனுப்புகிறேன். முதலில் நீ வாசி. உன்னைப் பற்றி எழுதியதில் உனக்குப் பிடிக்காதது எதுவென்றாலும் வெட்டிவிடு. என்னைப் பற்றி எழுதியதை வெட்டாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. தவரத்தினம்