பூண்டு வாசனையும் நீ அனுப்பிய பாட்டிலும்

அஸ்தினாபுரம்
புரட்டாசி 14

சிரஞ்சீவி சூர்யநாராயணனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். அங்கே நீயும் நாட்டுப்பெண்ணும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் முழங்காலையும் என் பேரையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணா பிள்ளை லக்ஷ்மிநாராயணன் பேங்க் பரீட்சை பாஸ் பண்ணிப் பல்லாவரத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை ஸ்ம்ருதி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் காலேஜிலேயே இரண்டாவது. உன் பெண் நீச்சலில் மெடல் வாங்கினதை மாடியில் இருக்கும் உன் பெரியம்மா லோகநாயகி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. இத்தனை படிப்பு இருக்கிற குடும்பத்தில் ஒரு பாட்டில் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, அதுதான் என் ஆற்றாமை.

ஆவணியில் உன் சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பினாயே, தண்ணீர் மாதிரி ஒரு மருந்து, என் தோள்வலி இதிலேதான் போச்சு, முட்டிக்குத் தடவிக்கோம்மா என்று. பிள்ளை கொடுத்ததாயிற்றே என்று தடவினேன், வலி போகட்டும் என்று மேலேயே தைலத்தையும் தேய்த்தேன். தோல் தீயாய் எரிந்து சிவந்துபோயிற்று, கால் மணிக்குள் நாக்கில் என்னவோ ஒரு ருசி. பூண்டு வாசற்படி தாண்டாத அகத்தில் பிறந்து, அப்படியே வாழ்க்கைப்பட்டவள், எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அன்று சாயங்காலம் பெருமாள் கோவிலில் பாசுரம் சொல்கிற நம் கோஷ்டியில் திருப்பல்லாண்டு சொல்ல வாயைத் திறந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். உன் பெரியம்மா எல்லார் எதிரிலும், என்னடி, ஓட்டல்ல பூண்டு சாப்ட்டுட்டுப் பெருமாள் முன்னாடி வந்து ஒக்காந்திருக்கியா என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு மட்டும் அது பூண்டு என்று எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

ஸ்ம்ருதிதான் பாட்டிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். டி.எம்.எஸ்.ஓ. என்று பேராம், மருந்துக்கென்று செய்ததே இல்லையாம், ஃபாக்டரியில் மற்ற சாமான்களைக் கரைக்கிற திரவமாம், மனுஷர்களுக்கு இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம். தோலில் பட்டால் நிமிஷத்தில் உள்ளே போகும், தோல் மேல் வேறு என்ன இருந்தாலும் அதையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாள். அதில் கந்தகம் இருக்கிறது, உடம்பு அதை மாற்றி மூச்சு வழியாக விடுகிறது, பூண்டிலும் கந்தகம்தான், அதனால்தான் ஒரே வாசனை, எத்தனை வாய் கொப்பளித்தாலும் போகாது என்றாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். மூத்திரப்பை வியாதி ஒன்றுக்குச் சுத்தமாகச் செய்ததை ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்பார்களாம், முட்டிவலிக்கு இப்படி வாங்கிப் பூசக் கூடாதாம். நான் அஞ்சாங்கிளாஸ், தமிழ் மட்டும் படிப்பேன். நீ படித்திருக்கலாமே.

இதையெல்லாம் சொன்னால் உன் பெரியம்மா நம்பவில்லை. கெமிஸ்ட்ரியாம், பாட்டிக்குப் பேத்தி வக்காலத்து என்கிறாள். திருநீர்மலை அடிவாரத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை நம் கோஷ்டி பக்தர்களுக்குச் சாதம் போடுகிறதே, பதினெட்டு வருஷமாகச் சர்க்கரைப்பொங்கல் என் கை. இந்த வருஷம் இரண்டு சனிக்கிழமை என்னைத் தளிகை அடுப்புப் பக்கம் விடவில்லை. அவளே கிண்டினாள், அடிப்பிடித்தது, எல்லாரும் அமிர்தம் என்றார்கள். உனக்கு ஃபோனில் சொன்னால் விடும்மா, யார் கேக்கறா என்று வைத்துவிடுகிறாய். நான்தான் கேட்கிறேன், சூரி. சீட்டைப் படிக்காமல் அனுப்பினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், உன் பெரியம்மாவிடம் சொல். இன்னும் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. கடுதாசி வந்து சேர நாளாகும், இதைப் படித்த அன்றே மாடிக்கு ஃபோன் பண்ணு.

நீ தோளுக்குத் தடவுவதையும் இன்றோடு நிறுத்து, பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் வை. எனக்குக் கோபம்தான், ஆனாலும் நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும், அந்த ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் இல்லை.

மறக்காமல் புதுப் போட்டோ ஒன்று பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. இப்போது கூடத்தில் மாட்டியிருப்பதில் மூன்று பேரும் ஏதோ ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தட்டில் இருப்பது பூண்டு ரொட்டி என்று உன் பெரியம்மாதான் கண்டுபிடித்தாள்.

ஆசீர்வாதத்துடன்
அம்மா