அவள் எடுத்துச் சொன்ன வசனம்

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீங்கள் நிம்மதியாகப் படிப்பீர்கள். உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கிறது. நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்படியே போனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். இப்படியே என்றால் படுத்தபடியே என்று அர்த்தம். இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனதால், பிரசவம் வரைக்கும் குளிக்கவும் கழிவறைக்கும் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் பேசாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுசை அடுத்தவர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டே கழித்தவள் நான். கேட்டது போதும் என்று இப்போது காது கடையைக் கட்டிவிட்டது. எதிரே நின்று உரக்கச் சொன்னால் பாதி விழும். வாயசைவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வேன். போனில் சுத்தம். நீங்கள் நலமா என்று கேட்டால், ஆமாம், நேற்றே வந்துவிட்டது என்பேன்.

படுக்கையில் போட்ட முதல் வாரம் உங்கள் மகள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வேலை செய்து பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதைப் பார்க்கச் சகிக்காமல் உங்கள் மாப்பிள்ளை ஹாலில் இருந்த டிவியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கால்மாட்டில் வைத்தான். அவனுக்கு ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஓட வேண்டிய வேலை. அதனால் படம் எடுத்து வருவது என் பொறுப்பு ஆயிற்று.

எங்கள் தெருமுனையில் வாடகைக்குப் படம் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லோரும் 'இடைவேளை' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படத்தை எடுத்தாலும் இடைவேளை வரைக்கும் கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, மீதியை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயை மூடிக்கொள்வார். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், அழுகிற படம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு படத்தையும் தானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். ஒருநாள் அட்டையில் வாயெல்லாம் பல்லாக ஒரு குடும்பம் நின்ற படத்தை நான் எடுக்க, சட்டென்று கையிலிருந்து பிடுங்கிவிட்டார். இதில் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போய்விடும், கிடைப்பதற்கு இருபது வருஷம் ஆகும், உங்கள் மருமகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா என்றார்.

மதியம் சாப்பிட்டதும் நானும் உங்கள் மகளும் பார்க்க ஆரம்பிப்போம். எனக்குக் கேட்காது என்பதால் வசனத்தையெல்லாம் அவள்தான் என் பக்கம் திரும்பி எடுத்துச் சொல்வாள். நடுவே அவள் தொழில் புத்தியும் வந்துவிடும். பல் கட்டுகிற லேபில் வேலை பார்ப்பவள் அல்லவா. கதாநாயகன் உருகி உருகிக் காதலைச் சொல்லும்போது, "மேல் வரிசை முன்பல் ரெண்டும் கட்டினது அத்தை, நிறம் சரியாச் சேரல" என்பாள். அதற்கப்புறம் எனக்கு அந்த ஆளின் காதலில் நம்பிக்கையே வருவதில்லை.

இந்தச் சினிமா அம்மாக்களைப் பற்றித்தான் எங்களுக்குள் பெரிய விவாதம். ஒருத்தியும் வேலைக்குப் போவதில்லை. ஒருத்திக்கும் தூக்கம் வருவதில்லை. ஒரே அலறலில் பிள்ளை பெறுகிறார்கள், தலைமுடிகூடக் கலைவதில்லை. முக்கியமாக, அவர்களுக்குக் கோபமே வருவதில்லை. கோபம் வருகிறவர்களை மாமியார் ஆக்கிவிடுகிறார்கள். இதை நான் சொன்னதும் உங்கள் மகள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. டாக்டரம்மாவிடம் சிரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டேன். தாராளமாகச் சிரிக்கலாமாம்.

நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. என் பேனா எழுதாமல் மக்கர் பண்ணியபோது, தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

*

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கமும் அவள் எப்படிப் படுக்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். கடைசியில், என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று எழுதி, அதை நீங்களே அடித்திருந்தீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. அதை மட்டும் வாசிக்கவில்லை. பதிலை உங்களுக்கே எழுதுகிறேன்.

போன வருஷம் இரண்டாவதும் தங்காமல் போனபோது ஆஸ்பத்திரி அறையில் நானும் இருந்தேன். ஊரான் பல்லைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் நின்றால் வயிற்றில் பிள்ளை எப்படி நிற்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். அது என் காதில் விழவில்லை, அவள் முகத்தில் விழுந்ததைப் பார்த்தேன். பிறகு என் மகன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நீங்கள் பெற்ற வயிறு, பதறிப் போய் வந்த வார்த்தை அது. எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிய அன்று உடம்பில் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு அவள் உங்களிடம் பேசவில்லை, இந்த முறை உண்டானதையும் ஐந்து மாதம் வரை சொல்லவில்லை, பிறகும் என் மகன்தான் சொன்னான். அந்த வருத்தம் உங்களுக்கு இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

ஒருநாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அத்தை, உங்களுக்கு எப்போ அம்மா ஆயிட்டோம்னு தோணுச்சு?" என்று கேட்டாள். பெற்ற அன்று எனக்குப் பசிதான் தோன்றியது என்று உண்மையைச் சொன்னேன். உங்கள் மாப்பிள்ளை சின்னவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஒருவன் ஒளிந்துகொள்ள என் முதுகே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதைச் சொல்லி முடித்தேன். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பி, "எங்கம்மா முதுகும் நல்ல அகலம் அத்தை" என்றாள்.

அதற்கடுத்த வாரம் 'இடைவேளை' ஒரு படம் கொடுத்தார். அம்மாவும் மகளும் சண்டை போட்டுப் பிரிந்த கதை. யாருக்கும் ஒன்றும் ஆகாது, தைரியமாகப் பாருங்கள் என்றார். முடிவில் மழை கொட்டுகிறது. மகள் நனைந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அம்மா வாசலில் வந்து ஏதோ சொல்கிறாள். நான் வழக்கம் போல உங்கள் மகள் முகத்தைப் பார்த்தேன்.

"என் வாயில வந்தது கோபத்துல வந்தது இல்லடி, பயத்துல வந்தது. எனக்கு நீதான் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்தான், அப்படிங்கிறாங்க அத்தை" என்றாள்.

அதற்கு மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"நானும் பயந்துதான்மா போயிருந்தேன். இந்தத் தடவையும் ஏதாவது ஆகி, நீ மறுபடி அழறதைப் பார்க்க முடியாதுன்னுதான் சொல்லல, அப்படிங்கிறா" என்றாள். சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் காதுதான் போயிற்று, கண் இருக்கிறது. அந்தப் படத்து அம்மா வாயைத் திறந்து மூடியதற்கும் இவள் சொன்ன நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. மகளோ உதட்டைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் காலை அவள் குளிக்கப் போன சமயம், என் மகனை உட்கார வைத்து அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்த அம்மா என்னடா சொல்கிறாள் என்று கேட்டேன்.

"சாரல் அடிக்குது, கதவைச் சாத்துன்னு சொல்றாங்கம்மா" என்றான்.

மகள்?

"ஒண்ணும் சொல்லலையே. கதவைச் சாத்துறா."

சம்பந்தி அம்மா, ஒரு கதவைச் சாத்துவதற்கு உங்கள் மகள் எவ்வளவு வசனம் வைத்திருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதற்கும்மா சிரிக்கிறாய் என்று என் மகன் கேட்டான். அவனுக்கு லிஃப்டைத் தவிர எதுவும் சொல்லிப் புரியாது, விட்டுவிட்டேன்.

அதுவரை எடுத்துச் சொன்ன படங்களிலும் எவ்வளவு படத்தில் இருந்தது, எவ்வளவு அவள் சொந்தச் சரக்கு என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. போகட்டும். எனக்கு அவள் சொன்ன படங்கள்தான் பிடித்திருக்கின்றன.

நான் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து நாளைக் கடத்தாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அவளே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். போனை எடுத்து அவள் நம்பரைப் போடுங்கள், அது போதும்.

என்றும் உங்கள் நன்மையை விரும்பும்,
சம்பந்தி

*

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பேத்தி நேற்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அதைச் சொல்லித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன் செய்த அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு அவள் அப்படியே வைத்திருந்தாள். மணி அடித்து நின்றுவிடப் போகிறதே என்று எனக்குத்தான் படபடப்பு. எடுத்துவிட்டாள். எடுத்ததும் நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். லைனைக் கொடுத்ததும் விலகிவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். நெடுநேரம் கழித்து உள்ளே போனேன். போனை அழுத்திப் பிடித்ததில் காது சிவந்து, கண்ணெல்லாம் வீங்கி, முகம் மட்டும் துடைத்து வைத்த விளக்கு மாதிரி இருந்தது. அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை, சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்றாள்.

அவ்வளவு நேரமுமா அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிரசவ வலி கண்டதையும் முழுதாக எழுதிவிடுகிறேன், போனில் அவள் பாதிதான் சொல்லியிருப்பாள். சொன்ன தேதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, மதியம் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தது. உங்கள் மாப்பிள்ளை எங்கோ ஒரு லிஃப்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தான், போன் எடுக்கவில்லை. நான் தெருவில் ஓடினேன். 'இடைவேளை' கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைப் பார்த்த அந்த மனிதர், அவளுக்கு வலி மறக்கட்டும் என்று, பாதியில் விட்டு வந்த படத்தின் மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாராம். இத்தனை வருஷத்தில் யாருக்கும் சொல்லாத இரண்டாம் பாதி. ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது வில்லன் இன்னும் பிடிபடவில்லையாம். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் பின்னாலேயே வந்து, கடைசியில் பிடித்துவிடுவார்கள், கவலைப்படாதே அம்மா என்று கத்தினாராம். நர்ஸ் சொன்னாள்.

குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. உண்மையாகத்தான் எழுதுகிறேன். இரண்டு கதவுக்கு அப்பால் இருந்து கேட்டது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்போதுதான் என் மகன் கைநிறைய கிரீஸோடு ஓடி வந்தான். அவனிடம் நான்தான் முதலில் சொன்னேன்.

உங்கள் மகள் குழந்தையைக் கையில் வாங்கியதும் என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். "ஈறு அருமையா அமைஞ்சிருக்கு அத்தை" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் படத்தையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. குழந்தை போடுகிற சத்தத்தில் உங்கள் மகளுக்கும் வசனம் கேட்பதில்லை. இருவரும் வாயசைவைப் பார்த்து நாங்களாகவே கதை கட்டிக்கொள்கிறோம். தாய்மை என்று படங்களில் காட்டியதில் எது சரி, எது பொய் என்று முன்பெல்லாம் அவ்வளவு பேசினோமே, இப்போது பேச நேரமில்லை. தோளில் பால் கக்கிய கறையோடு, தலை வாராமல், உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் உங்கள் மகள். இப்படி ஓர் அம்மாவை நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் காட்டவில்லை. அவ்வளவு அழகாக இருக்கிறாள்.

நீங்கள் வரட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தொந்தரவாக இருக்குமோ, அவளே சமாளித்துக்கொள்கிறாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சமாளிக்கிறாள். என்னிடம் ஒன்றுக்கும் நிற்பதில்லை. முதல் இரண்டு நாள் நான் குளிப்பாட்டினேன், மூன்றாம் நாளிலிருந்து அவளேதான். நீட்டிய காலில் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு கையில் தாங்கி, கண்ணில் காதில் ஒரு சொட்டு இறங்காமல் குளிப்பாட்டுவதைப் பார்த்தால் ஏற்கெனவே நாலு பெற்றவள் என்பீர்கள். அந்தக் கைக்கு நுணுக்கமான வேலை என்றால் கேட்கவா வேண்டும். ஆகையால் வேலை செய்ய நீங்கள் வர வேண்டியதில்லை. சும்மா வாருங்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உங்களுக்கென்று ஒழித்து வைத்தாயிற்று.

கடைசியில் இரண்டு வரி எழுத இடம் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் படிக்க மாட்டேன். குழந்தையும் அவளும் நீங்களும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

அம்மா, குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. கை நடுங்குகிறது. அத்தைக்கும் தெரியவில்லை. நீ வந்து சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. உடனே கிளம்பி வா.