ஒப்படைக்க வருபவர்களுக்கு ஓர் அறை

அன்புள்ள மகன் ரமணனுக்கு,

நான் மருமகளோடு கோபித்துக்கொண்டு கண்டிக்கு வந்துவிட்டதாகச் சுன்னாகத்தில் பேசுகிறார்களாம். அது பிழை. திகன பகுதியில் தொடங்கவிருக்கும் மருத்துவக் கல்லூரிக்குத் துறைகளைத் திட்டமிட, உடற்கூற்றியல் கற்பித்த ஒருவர் தேவையென்று அழைத்தார்கள்; வந்தேன். நீங்கள் எல்லோரும் நலமா? என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

நேற்றைய கூட்டத்தில் ஒரு சிறு சண்டை. விரிவுரை மண்டபம், ஆய்வுகூடம், நோயாளர் விடுதி எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடமிருந்தது. தானமாகக் கொடுத்த உடலை ஒப்படைக்க வரும் குடும்பத்துக்கு மட்டும் இருக்க இடமில்லை. ஓர் அறை கேட்டேன்.

“அந்த எடத்துல ஆய்வுகூடம் வருதே மேடம்,” என்றார் இளம் டாக்டர் கிருஷாந்தன்.

“அப்ப, உங்கடை அப்பாவைக் குடுக்க வந்தால் நீங்கள் படியிலையோ நிப்பியள்?” என்றேன்.

அறை கிடைத்துவிட்டது. உன் அப்பாவை ஒப்படைத்த அன்று நாம் இருவரும் வெளிப்படியில் நின்றதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

இங்கே மாலையானால் மழை. வீட்டில் பேச ஆளில்லாததால் வானொலியை உரக்க வைக்கிறேன். அலுமாரி மேல்தட்டில் உள்ள என் கம்பளிச் சட்டையையும் கொஞ்சம் மிளகாய்த்தூளையும் பஸ்ஸில் அனுப்பிவிடு.

அப்பாவைப் போல நானும் என் உடலைக் கொடுக்க விரும்புகிறேன், இந்தக் கல்லூரிக்கே. அதற்கு உன் சம்மதம் வேண்டும். என்னை ஒப்படைக்க வரும் அன்று நீ உட்கார அந்த அறையில் கதிரை இருக்கும். தொலைபேசியில் கேட்டால் பேச்சை மாற்றுவாய். சம்மதமா இல்லையா என்று எழுதி அனுப்பு.

அம்மா