எண்ணுக்குக் கீழே ஒரு கோடு

1938 ஜனவரி 17, திங்கள்

காலையில் பனி. எதிரில் இருக்கும் குளம் எட்டு மணி வரை கண்ணுக்குத் தெரியவில்லை. கெஸ்ட் ஹவுஸ் நாலு அறைக்கும் சுண்ணாம்பு அடித்து முடிந்தது. என் சட்டை முழுக்கப் புள்ளி.

செய்ய வேண்டியவை: திரைச்சீலை துவைக்க. கொசுவலை ஓட்டை தைக்க. வெள்ளிக் கரண்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்க. சூப்புக் கிண்ணம் ஒன்று குறைகிறது, திருச்சிக்கு எழுத.

மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ் சூப்பிரண்டு ஐயா கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம், முகம் முழுக்கச் சிரிப்பு.

"சவரிமுத்து, யோகம் ஒனக்குத்தான்ப்பா. வர்ற வியாழக்கெழம ஒரு துரைசானி வாராங்க. குடுமியான்மலை சங்கீதக் கல்வெட்டப் பாக்கணுமாம். மூணு நாள் இங்கதான் தங்கல். நீ பட்லரா இருந்தியே, அந்தக் கடற்கரை ஓட்டலு, அங்கதான் வருசா வருசம் குளிர்காலத்துக்குப் போவாங்களாம். பேரப் பாரு. ஒன் டிரங்குப் பெட்டியில ஒட்டியிருக்கிற அதே பேரு!"

அதே பேர்தான்.  "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கரண்டி தேய்க்கும்போது இரண்டு கீழே விழுந்தன.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போதே ஆவூரில் தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமாம். எட்டு மாத வயிற்றோடு எழுந்து என் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரி 18, செவ்வாய்

குளிர். தூக்கம் இல்லை. எழுதினால் நெஞ்சு அடங்குமா பார்க்கலாம்.

ஒரு டாக்டர் துரையின் வேலைக்காரனாகக் கப்பலேறி, பிரான்சு தேசத்துத் தென்கடற்கரைக்குப் போனது நிஜம். மத்தியதரைக் கடலைப் பார்த்தாற்போல் அந்த ஓட்டல் இருந்ததும் நிஜம். ஐந்து மாடி. முன்னால் வரிசையாக ஈச்ச மரம் போன்ற மரங்கள். பின்னால் மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம். துரை அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். போக்கிடம் இல்லாத என்னை ஓட்டலில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதுவும் நிஜம்.

பட்லராக இல்லை. அது மட்டும்தான் பொய்.

தரைக்குக் கீழே, கரி கொட்டும் அறைக்குப் பக்கத்தில், பூட்ஸ் அறை. ராத்திரி படுக்கப் போகிறவர்கள் பூட்ஸைக் கழற்றித் தங்கள் அறை வாசலில் வைப்பார்கள். கூடையில் அள்ளிக் கீழே கொண்டுவருவோம். அடியில், குதிகாலுக்கு முன்னால் உள்ள குழிவில், சாக்பீஸால் அறை எண். துடைத்து, மெழுகேற்றி, விடிவதற்குள் அந்தந்த வாசலில் திரும்ப வைக்க வேண்டும். இரண்டு குளிர்காலம் அதுதான் என் வேலை. சாப்பாட்டுக் கூடத்தை நான் ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஜன்னல் தெருவோடு ஒட்டியிருந்தது. அதில் தெரிந்தது மனிதர்களின் கணுக்காலும், ஒரு விரற்கடை கடலும். ஊரில் நான் அளந்ததெல்லாம் ஓட்டலின் படப்புத்தகத்தைப் பார்த்துத்தான்.

இந்த வேலை கேட்டு வந்த அன்று சூப்பிரண்டு ஐயா பெட்டியைப் பார்த்துவிட்டு, "பட்லரா இருந்தியா?" என்றார். தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தலையாட்டல்.

வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸ் போகும். மறுபடியும் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்து அறைதான். பிள்ளை அங்கேதான் பிறக்கும். அது கூடப் பரவாயில்லை. ஊரான் செருப்பைத் துடைத்துப் பிழைத்தவன் என்று தெரிந்தால் ஆவூரில் எந்தப் பந்தியில் எனக்கு இலை போடுவார்கள்? ஆரோக்கியத்தின் முகத்தில் எப்படி முழிப்பேன்? மானம் கப்பலேறிவிடும்.

இந்த நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறேன். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்.

ஜனவரி 19, புதன்

வெயில் நன்றாக அடித்தது. கொசுவலை தைத்தாயிற்று. சூப்புக் கிண்ணம் வரவில்லை.

பரிமாறிப் பழகினேன். வெயிட்டர்கள் கீழே வந்து சீட்டாடும்போது பேசிக்கொண்டதுதான் என் படிப்பு. இடப்பக்கம் நின்று பரிமாறு, வலப்பக்கம் நின்று எடு. ஆரோ.வைப் பலகையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினேன். குனிந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி.

"ஏங்க, ஒரு வாய் கஞ்சிக்கு இம்புட்டு ஆட்டமா? அங்கிட்டும் இங்கிட்டும் சுத்தாதீங்க, எனக்குக் கிறுகிறுங்குது."

சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். கிண்ணத்தை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்னொரு வம்பை நானே இழுத்துவைத்திருக்கிறேன். போன மாதம் சூப்பிரண்டு ஐயா, "அங்க உள்ள வழக்கம் ஏதாச்சும் சொல்லுப்பா, இங்கயும் வச்சுருவோம்" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. பூட்ஸை வாசலில் வைக்கிற வழக்கத்தைச் சொன்னேன். உடனே இங்கிலீஷில் டைப் அடித்து நாலு அறையிலும் ஒட்டிவிட்டார். மறுநாள் தாசில்தாரும் அவரோடு வந்த மூன்று பேரும் வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக, வாட்சுமேன் காத்தான் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கழுவிவிட்டான். நாலு பேரும் சொதசொதத்த செருப்போடு ஆபீஸ் போனார்கள். அப்போதே அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்க வேண்டும்.

ஜனவரி 20, வியாழன்

து.சானி வந்தாயிற்று. நாலு மணிக்குக் கார். அறுபது வயது இருக்கும். ஒல்லி. காது கொஞ்சம் மந்தம், பேச்சு சத்தம். இரண்டாம் நம்பர் அறை.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், காலைத்தான் பார்த்தேன். பழுப்பு பூட்ஸ், குட்டைக் குதிகால். இடது பூட்ஸில் சுண்டுவிரல் பக்கம் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தோல் வெடிக்காமல் இருக்க மெழுகை விரலால் தேய்த்தவன் நான்தான். அந்த ஓட்டலில் இருநூற்றுப் பதினாலாம் நம்பர் அறை. 

ராச் சாப்பாடு. சூப் சிந்தவில்லை. மாதாவுக்குத் தோத்திரம். மீன் தட்டை வலப்பக்கமாக நீட்டிவிட்டேன், து.சானி ஒன்றும் சொல்லவில்லை. சூப்பிரண்டு ஐயா சும்மா இருக்கக் கூடாதா? "எங்கள் பட்லர் உங்கள் ஓட்டலில் இருந்தவன்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டார்.

து.சானி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எந்த வருஷம்? சொன்னேன். சாப்பாட்டுக் கூடத்திலா? ஆமாம் என்றேன். அப்படியானால் தலைமை வெயிட்டரைத் தெரிந்திருக்குமே, அந்த நொண்டிக்கால்காரர், இப்போது எப்படி இருக்கிறார்?

 நன்றாக இருக்கிறார் என்றேன்.

அவர் செத்துப்போனாரா, இருக்கிறாரா, அப்படி ஒருவர் உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. து.சானி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

ஜனவரி 21, வெள்ளி

பகலெல்லாம் நிம்மதி. து.சானியும் சூப். ஐயாவும் குடுமியான்மலை போய்விட்டார்கள். படுக்கை தட்டிப் போட்டேன். பூச்சாடிக்குத் தண்ணீர். கோழி இரண்டு வாங்கச் சொல்லியனுப்பினேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். பூட்ஸ் முழுக்கச் செம்மண். து.சானிக்கு ஒரே குதூகலம். பாறையில் எழுத்து எழுத்தாக ஸ்வரம் வெட்டியிருப்பதைப் பார்த்தாளாம், தடவித் தடவிப் பார்த்தாளாம். சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த நோட்டீஸைப் படித்துவிட்டுக் கைதட்டினாள். "இங்கேயும் இந்த வழக்கமா! அப்படியானால் வாசலில் வைக்கிறேன்."

வேண்டாம், கையில் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பட்லர் பூட்ஸைக் கையில் வாங்குவானா என்று ஒரு வறட்டுக் கௌரவம் குறுக்கே நின்றது. விடிகாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 22, சனி

கடும் பனி. கை விறைக்கிறது. எழுத்து கோணல்.

ஐந்தரைக்குப் போனேன். வாசலில் ஒரு பூட்ஸ்தான் இருந்தது. வலது. இடதைக் காணோம்.

அந்த ஓட்டல் தாழ்வாரத்தில் நாய் ஏது? இங்கே கதவு இல்லாத தாழ்வாரம், பக்கத்தில் குளம், குளக்கரையில் ஊர் நாய் பத்து. இது கூட எனக்கு உறைக்கவில்லையே.

காத்தானை எழுப்பினேன். இரண்டு பேரும் பனியில் தேடினோம். காட்டாமணக்குப் புதருக்குள் கிடந்தது. அவன்தான் கண்டான்.

"சாமி, நாக்கு மட்டும் பிஞ்சிருக்கு. வாரையும் கடிச்சிருக்கு. நம்ம ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுச்சு."

முடியவில்லை. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். டிரங்குப் பெட்டி அடியில் கிடந்த அந்த நாள் ஊசி, மெழுகு நூல், மெழுகுக்கட்டி, பிரஷ் எல்லாம் எடுத்து வந்திருந்தேன். தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். வாருக்கு அடியில் இருக்கும் தோல் நாக்கைத் தைத்தேன். வாரின் பல்தடத்தைச் சூடான கரண்டியால் அழுத்தி எடுத்தேன். செம்மண்ணை ஈரத்துணியால் ஒற்றி, மெழுகேற்றி, இரண்டையும் ஒரே நிறமாக்கினேன். ஒன்றரை மணி நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மணி நேரம் பயம் இல்லை. கை தன்பாட்டில் வேலை செய்தது.

ஏழு மணிக்கு வாசலில் வைத்தேன். எட்டு மணிக்கு சூப். ஐயாவுக்கு அப்பம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது து.சானி வந்தாள். ஒரு காலில் பூட்ஸ். மற்றதைக் கையில் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

அடியில் சாக்பீஸில் 2. அதற்குக் கீழே ஒரு கோடு.

நான் எப்போது எழுதினேன்? ஞாபகமே இல்லை. பூட்ஸைத் திருப்பிப் பிடித்தால் 6 எது 9 எது, 68 எது 89 எது என்று குழம்பும். அதனால் எண்ணுக்குக் கீழே கோடு போடுவது எங்கள் பூட்ஸ் அறை வழக்கம். நாலு அறை உள்ள இந்தக் கெஸ்ட் ஹவுஸில் கோடு எதற்கு? கை போட்டுவிட்டது.

"நீ கீழ் அறையில் இருந்தவன்!" என்று கத்தினாள். கோபம் இல்லை. சந்தோஷம், அது இன்னும் மோசம். இரண்டு குளிர்காலம் அவள் பூட்ஸ் வெடிக்காமல் இருந்ததாம். மூன்றாம் வருஷம் வெடித்ததாம். யார் துடைத்தது என்று கேட்டாளாம், இந்தியாக்காரன், ஊருக்குப் போய்விட்டான் என்றார்களாம். எல்லார் எதிரிலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் விரல் இடுக்கில் பழுப்பு மெழுகு.

சூப். ஐயா அந்தக் கையைப் பார்த்தார். அப்பத்தைப் பார்த்தார். தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

அடுப்படியில் சமையற்காரர் குரல்: "செருப்பத் தொட்ட கையாலயாடா இத்தன நாளாப் பரிமாறுனான்?"

ஜனவரி 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று ஆரோ.விடம் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை பட்டதும் அழுகை வந்தது, தைலக் காந்தல் என்று சமாளித்தேன்.

து.சானி பத்து மணிக்குப் புறப்பட்டாள். காருக்குள்ளிருந்து சூப். ஐயாவிடம் என்னவோ நீளமாகப் பேசினாள். தூரத்தில் நின்றதால் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "ஏம்ப்பா பொய் சொன்ன?"

"வேல வேணுமுங்க."

"செருப்புத் தொடச்சேன்னு சொல்லியிருந்தா நான் வேல குடுத்திருக்க மாட்டேன்." தோளில் படிந்த கார்ப் புழுதியைத் தட்டிவிட்டார். "அதும் நெசந்தான். யோசிச்சுக் காலையில சொல்றேன்."

பெட்டியைத் துடைத்து வைத்தேன். எடுத்துப்போக வேண்டியவை: பாய் 2, பானை 3, மாதா படம், தொட்டில் கட்டை. தொட்டில் கட்டையை எழுதியதும் மேலே எழுத ஓடவில்லை.

ஜனவரி 24, திங்கள்

பனி குறைவு. ஆரோ. வாசல் தெளிக்க எழுந்தவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு வாங்களேன். இத எதுக்கு நம்ம வாசல்ல வச்சிருக்காங்க?"

ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். பார்த்ததும் தெரிந்தது, சூப். ஐயாவுடையது, வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அவர் கையெழுத்து: "புதன்கிழமை மூன்று பேர். சூப் வேண்டும். மீன் இடப்பக்கம்." அடியைத் திருப்பினேன். சாக்பீஸில் 1. கீழே ஒரு கோடு. ஒன்றுக்குக் கோடு தேவையே இல்லை.

வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாள் பயந்ததில் இதுதான் பெரிய பயம். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கரி அறை, கூடை, கணுக்கால் தெரியும் ஜன்னல், எல்லாம். இடது பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முடித்ததும் அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல என்ன செய்யணும்? தூசியத் தட்டணுமா?"