மூன்று வீடுகளிலும் ஒரே பூட்டு

நாக்கில் ஒரு துளி பட்டதுமே உப்பைச் சொல்லிவிடும் என் அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது. மின்சாரம் இன்னும் வரவில்லை. மருதனார்மடத்தில் பக்கத்துத் தோட்டக்கார நடராசா கிணற்றை ஆழமாக்கப் போகிறார். அதிகம் இறங்கினால் அடியிலிருக்கும் உப்புத்தண்ணீர் மேலேறிவிடும் என்றேன்.

"உங்கடை அண்ணை இருந்தால் எத்தினை அடியிலை நிப்பாட்டிறது எண்டு சொல்லியிருப்பார். நீங்கள் சொல்லுங்கோவன் டீச்சர்?"

எதை வைத்துச் சொல்வேன்? சுற்றுவட்டாரக் கிணறுகளை நீங்கள் ஆண்டுக்கணக்காக அளந்த விபரமெல்லாம் கொம்பியூட்டரில் பூட்டி எடுத்த அந்தப் பிளொப்பித் தட்டுகளுக்குள் அல்லவா இருக்கிறது?

ஷெல்லடிக்குப் பயந்து நகைகளைப் பிரித்து வைப்பதுபோல அவற்றையும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வைத்தீர்கள். ஒன்று என்னிடமே இருந்தது. கொடிகாமத்துச் சின்னம்மா தன்னிடமிருந்ததைத் தந்துவிட்டார். பருத்தித்துறை மச்சாள் இடம்பெயர்ந்தபோதும் தாலிக்கொடியோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். "உதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? உன்ரை அண்ணை தந்ததெல்லோ!" என்றாள்.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். "உப்புக் கிணறெண்டு ஊருக்குத் தெரிஞ்சால் சீதனக் காணியை ஆர் வாங்குவான்? அளக்க விட்ட சனத்துக்கு வாக்குக் குடுத்திருக்கிறன்" என்றீர்கள். பத்து வருடத்துக்குப் பிறகு யார் திறப்பது என்றதற்குச் சிரித்தீர்கள். "பாஸ்வேட் உன்னட்டைத்தானே கிடக்கு. பிறகென்ன, சந்தேகப் பிராணி?"

பாஸ்வேட் எனக்கு மறக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்துக் கொம்பியூட்டர் படிப்பிக்கும் இடமொன்றுக்குப் போன மாதம் மூன்று பிரதிகளையும் கொண்டுபோனேன். அங்கிருந்த ஆசிரியர் மண்ணெண்ணெய் முடியும்வரை பார்த்தார்.

"அக்கா, இது பாஸ்வேட்டைக் கேக்கவே மாட்டனெண்டுது. பூட்டின புரோகிராம்தான் திறக்கவும் வேணும். அந்தக் கொம்பனி இப்ப அதை விக்கிறதுமில்லை."

அந்தப் புரோகிராம் நீங்கள் வேலைபார்த்த கந்தோர்க் கொம்பியூட்டரில் மட்டும் இருந்தது. ஷெல் விழுந்து கந்தோரோடு அதுவும் நொறுங்கிப்போயிற்று. எல்லாவற்றையும் மூன்றாக எடுத்தவருக்கு அதை ஒன்றாவது எடுத்து வைக்கத் தோன்றவில்லையா? உங்களோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லையே, அண்ணை.

நடராசாவை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மிஞ்சிய, தண்ணீரில் உப்பைக் காட்டும் வெள்ளி நைத்திரேற்றோடு அவருடைய தோட்டத்தைச் சுற்றியுள்ள கிணறுகளுக்குச் சைக்கிளில் போகிறேன். எத்தனை அடியில் உப்பானது என்று வீட்டுக்காரரையே கேட்கிறேன். பலர் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் வாசல் படலையிலேயே மறித்தார்: "மூத்தவளின்ரை கலியாணம் முடியட்டும் டீச்சர், பிறகு எங்கடை தண்ணி உப்பெண்டு எழுதுங்கோ."

பெயரை எழுத மாட்டேன் என்றதும் அவரும் ஆழத்தைச் சொன்னார். எந்தத் தெருவில் எந்த ஒழுங்கை என்பதையும் ஆழத்தையும் மட்டும் எழுதினேன். உங்கள் வாக்கைக் காப்பாற்ற அதுவே போதும். பூட்டுத் தேவைப்படவில்லை.

பிளொப்பிகளை எறிய மாட்டேன். கொழும்புக்குப் போகிற எல்லோரிடமும் அந்தப் புரோகிராமை விசாரிக்கச் சொல்லி விடுகிறேன். நான் எழுதுவதோ காபன் வைத்த சாதாரணத் தாளில். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், எனக்குப் பிறகும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னும் நாலு கிணறுகள் மிச்சம். கிணறு தோண்ட நடராசாவின் அலவாங்கு இறங்குமுன் அவருக்கு ஆழம் சொல்லிவிடுவேன்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
தங்கச்சி ராணி