வெள்ளை அறிக்கையின் மூன்றாம் பகுதி

ஆடி 12, திங்கள்

சோளகக் காற்று. துடைக்கத் துடைக்க மேசையில் புழுதி. காலை கொக்குவில், தண்ணீர் வடிகட்டி விற்கும் கொம்பனி. பத்திரிகையை விட்ட பிறகு கிடைத்த வேலை. விற்பனைக்குப் பொறுப்பு துஷ்யந்தி, என் மகள் வயது. வெள்ளை அறிக்கை ஒன்று வேண்டுமாம். ஆங்கிலத்தில் ஒயிட் பேப்பர். ஆராய்ச்சி போல இருக்க வேண்டும், வாசித்து முடித்தவர் வடிகட்டி வாங்க வேண்டும்.

“விளம்பரம் எண்டு தெரியக்கூடாது ஐயா.”

“உதுக்குத்தானோ என்னைப் பிடிச்சனீங்கள்?”

சிரித்தாள்.

திட்டம்:
1. கிணறுகள் ஏன் உவர்க்கின்றன
2. என்ன செய்யலாம்
3. ஒரு வீட்டின் கதை, பெயர், படத்துடன்

மூன்றாவதுதான் விற்கும் என்கிறாள். வாசிப்பவர்கள்: பாடசாலைகள், விடுதிகள், ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு வாங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள்.

சவர்க்காரம் முடிந்துவிட்டது. பூனைக்கு மீன்.

ஆடி 13, செவ்வாய்

கரவெட்டி. பஸ்ஸில் கொண்டக்டர்: “உள்ளுக்குப் போங்கோ, உள்ளை கல்யாணமே வைக்கலாம்.” நிற்க இடமில்லை.

பரமேஸ்வரி அக்கா, கொம்பனியின் வாடிக்கையாளர். எழுபதுக்குக் கிட்ட, தனிய. வெள்ளை அறிக்கைக்காக வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். முன் மேசையில் மகனின் படம், அப்போதுதான் துடைத்தது போல.

ஏன் வடிகட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“எங்கடை கிணறு உப்பு. அவனுக்கு உப்புத் தேத்தண்ணி துண்டாப் பிடியாது. கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போவான். வந்தால் நல்ல தண்ணி கிடக்கோணுமெல்லே.”

மகன் சுதன். யுத்தம் முடிந்தபோது தாயே கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை. பிறகு தகவல் இல்லை. எழுதிக்கொண்டேன். வயது, உயரம், அன்று போட்டிருந்த சேட்டின் நிறம். கை பழைய பழக்கத்தில் ஓடியது.

வெளிக்கிடும்போது படலையடியில் கேட்டார்: “அரசாங்கம் அறிக்கையை எப்ப வெளியிடும் தம்பி? அவன்ரை பேர் வருமெல்லே?”

அப்போதுதான் விளங்கியது. வெள்ளை அறிக்கை என்றால் இங்கே அரசாங்கம் வெளியிடுவது. காணாமல் போனவர்களைப் பற்றியது என்று எண்ணிவிட்டார். கொம்பனி பெயரும் சொல்லித்தான் இருந்தேன். பத்திரிகையில் பார்த்த என் பெயர்தான் அவர் மனதில் நின்றிருக்கிறது.

பஸ் வந்தது. பிறகு வாறன் என்று மட்டும் சொன்னேன்.

ஆடி 14, புதன்

துஷ்யந்தி குறிப்பை வாசித்தாள். பிறகு கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டாள். அரசியல் வேண்டாமாம். மகனை எடுத்துவிட்டு அம்மாவை விடலாமாம். வாங்கிய காரணம்: சுவை.

“மகன் வெளிநாட்டிலை எண்டு போடட்டோ ஐயா?”

நான் பார்த்தேன்.

“மன்னியுங்கோ ஐயா. வாயிலை வந்திட்டுது.” கண் கலங்கியிருந்தது.

மத்தியானம் கறண்ட் இரண்டு தரம் போனது.

ஆடி 16, வெள்ளி

கரவெட்டிக்கு மறுபடி. போனில் சொல்லும் விசயமில்லை. அக்கா கோயிலால் வந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தார். சொன்னேன்: அரசாங்கத்தின் அறிக்கை இல்லை, வடிகட்டி விற்கக் கொம்பனி போடுவது.

படத்தை எடுத்து மடியில் வைத்தார்.

“அப்ப அவன்ரை பேர் வராது.”

“வராது அக்கா.”

“என்ரை பேரும் வேண்டாம். அவன் இல்லாமல் நான் மட்டும் ஏன் அதுக்குள்ளை?”

ஓம் என்றேன். மூன்றாம் பகுதி வெறுமையாகவே கிடக்கட்டும். துஷ்யந்திக்கு நான் சொல்லுவேன்.

எழும்ப விடவில்லை. தேத்தண்ணி. நான் குடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உப்புக் கிடக்கோ தம்பி?”

“இல்லை அக்கா.”

“வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

இன்னொரு மிடறு குடித்தேன்.