நீ முகர்ந்து பார்த்த லட்டு

மச்சான், சந்தேகச் சக்கரவர்த்தியே,

இன்று காலை என் மேசைமேல் ஒரு லட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பூசணிக்காயே வெட்கப்பட்டுக் கொடிக்குள் ஒளிந்துகொள்ளும், அத்தனை பெரிது. வாசனை சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும். நம் ஊர்த் தலைவரின் மகன் ஆறு காரில் வந்து வைத்துவிட்டுப் போனான். நான் தின்னவில்லை. உன்னைப்போல மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அதோடு நீ நினைவில் வந்துவிட்டாய்.

உன்னைப்போல ஒரு சந்தேகப் பிராணியைப் பிரம்மா உனக்குப்பின் படைக்கவே இல்லை. சூரியன் உதித்தாலும் “இதுல யாருக்கு லாபம்?” என்று கேட்பவன் நீ. நானோ ஊருக்கே வாய். கம்பெனி வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் வலம் வருவதாகக் கனவு கண்டவன்.

கம்பெனிக்கு நிலம் கேட்டுப் போட்ட அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்து வாசலில் ஷாமியானா. தலைவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் கண் கூசும். அவர் பின்னால் கூலிங் கிளாஸ் போட்ட ஹைதராபாத் பெரிய மனிதர்கள் மூன்று பேர், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் லட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

“இன்டிகொக உத்யோகம்! வீட்டுக்கு ஒரு வேலை! ஈ லட்டு மீத ஒட்டு! இந்த லட்டுமேல சத்தியம்!”

திருமலை லட்டின்மேல் சத்தியம் செய்தவன் மீறமாட்டான், அதை வாங்கித் தின்றவனும் வாக்குக் கொடுத்தவனாகிறான். நம் பக்கத்தில் இதற்கு மிஞ்சிய பத்திரம் ஏது? எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தின்றார்கள். நீ மட்டும் முகர்ந்து பார்த்தாய்.

“இதுல பச்சைக் கற்பூரமே இல்ல மச்சான். மலை லட்டு இல்ல இது. ஏதோ கடை சரக்கு.”

என் காதோடு சொன்னதை நான் ஊருக்கே சொன்னேன்.

“கேட்டீங்களா! பெருமாளையே செக் பண்ணிக்கினு கீறாரு நம்ம ஆபீசரு! இவரு மூக்குக்குத் தனியா சம்பளம் குடுங்கப்பா!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஷாமியானா பறக்காதது அதிசயம். உன் முகம் சுண்டிப்போயிற்று. லட்டை வாயில் போட்டுக்கொண்டாய். வாயில் போட்டபின் கையெழுத்து போடாமல் இருக்க முடியுமா? ஆயுள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் உழைத்த உன் நைனாவுக்கு சர்க்கார் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கரில், ஒரு ஏக்கர் அந்த நிமிஷத்தில் போயிற்று.

கம்பெனி வந்தது. சுவர் சீனப் பெருஞ்சுவருக்கு அண்ணன். வேலை வந்ததா? என் மகன் சென்னை பஸ் ஏறினான், இன்றுவரை இறங்கவில்லை. உனக்கு ஒரு காண்ட்ராக்டர் மூலமாக வாட்ச்மேன் உத்தியோகம். இன்னும் ஒருவர் குடித்தனம் வரலாம் போன்ற பெரிய சட்டை. உன் நைனா வேர்க்கடலை விதைத்த இடத்தில் நின்று கேட்டைத் திறந்து திறந்து மூடினாய்.

அங்கேதான் ஒருநாள் தலைவரின் பழைய டிரைவர் உன்னிடம் உண்மையைக் கொட்டினான். அந்த லட்டுகள் நகரியில் ஒரு மிட்டாய்க் கடையில் வாங்கியவையாம். நீ வந்து சொன்னபோது, என்னைத் திட்டித் தீர்ப்பாய் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னாய்:

“பெருமாளுக்கு பயந்தவன்தான் மச்சான் நம்ம தலைவரு. நமக்குத்தான் பயப்படல.”

இப்போது தலைவரின் மகன் வந்திருக்கிறான். சுவருக்கு வெளியே மிஞ்சி, நீ கண்ணை மூடியபின் உன் வீட்டுக்காரி பேருக்கு வந்த அரை ஏக்கர்மேல் அவனுக்குக் கண். “உங்க பேச்ச அவங்க தட்டமாட்டாங்க மாமா. அவங்க பேரனுக்கு பர்மனெண்ட் வேலை” என்று லட்டின்மேல் கை வைத்துச் சொன்னான்.

“அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு தம்பி.”

சிரித்தான். “பெருமாள் மேலயே ஒட்டு போட்டேன், பேப்பர் எதுக்கு மாமா?”

அவன் போனதும்தான் முகர்ந்தேன். பச்சைக் கற்பூரம் மூக்கில் ஏறியது. மலை லட்டேதான், மச்சான். அப்பன் பொய் சொல்லப் போலி லட்டாவது தேடிப்போனான். இவனுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுக்காரி, அவன் அவளுக்கும் கொடுத்துவிட்டுப் போன லட்டைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, அவரு மோந்து பாத்தப்போ நீதான சிரிச்சே. இப்போ நீயே மோந்து பாத்துச் சொல்லு.”

“மலை லட்டுதாம்மா.”

“அப்போ நம்பலாமா?”

மலையைக் கடுகாக்கவும் கடுகை மலையாக்கவும் தெரிந்த என் வாயில், ஒரு அலங்கார வார்த்தை வரவில்லை.

“வேணாம்மா. கையெழுத்து போடாத.”

அவள் ஒரு துண்டு கிள்ளிக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டாள்.

“என்னம்மா, துன்னுட்டியே!”

“பிரசாதம் பெருமாளுது, நெலம் என்னுது. ரெண்டுத்துக்கும் நடுவுல அவன் யாரு?”

சொல்லிவிட்டுக் கடலைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டாள்.

அதன் பிறகு நானும் என் லட்டைத் தின்றேன். அது இறங்கிவிட்டது, மச்சான். அன்று நான் சிரித்த சிரிப்புதான் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.